தூங்குமூஞ்சி மரத்து ஆணி

எங்கள் சந்து முனையில் நின்ற தூங்குமூஞ்சி மரம் எந்தச் சாமிக்கும் சொந்தமில்லை என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்திருந்தோம். வேம்பு மாரியம்மனுக்கு, அரசு பிள்ளையாருக்கு, வில்வம் சிவனுக்கு. புளியும் பனையும் பேய்களுக்கு. அம்மா விரல் மடக்கி இதையெல்லாம் சொல்லுவாள். தூங்குமூஞ்சி மட்டும் அவள் விரலில் வந்ததே இல்லை. பொழுது சாய்ந்தால் இலையை மடக்கிக்கொண்டு தூங்குகிற மரத்தில் எந்தச் சாமி வந்து உட்காரும் என்று கேட்பாள்.

அதே சந்தில் குடியிருந்த பர்மியர்களுக்கு அது வெறும் மரம் இல்லை. அடிமரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு சின்ன மரப்பெட்டியை வீடு மாதிரி ஆணியில்லாமல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு குவளைத் தண்ணீர், நாவல் தழைக் கொத்து, சில நாள் ஒரு வாழைப்பழம். மரத்தில் குடியிருக்கிற காவல் தெய்வத்தை அவர்கள் யொக்கசோ என்பார்கள். அதற்குத் தினமும் தண்ணீர் மாற்றியது எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுக்காரம்மா. வாசலில் உட்கார்ந்து, முகத்தில் அரைத்துப் பூசுகிற தனக்காக் கட்டை விற்கிற விதவை. சின்னம்மா, அத்தை என்று கூப்பிடுகிற மாதிரி நாங்கள் அவளை டோடோ என்று கூப்பிடுவோம்.

ரங்கூனில் பசுந்தாங் பேட்டையில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. தெருப்பக்கத்து ஜன்னலோரம் என் தையல் மிஷின். ஜன்னலுக்கு வெளியே எல்லா வீட்டையும் போல எங்களுக்கும் ஒரு கயிறு கீழே வரை தொங்கும். கயிற்றின் அடியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பர்க்காரரோ ரொட்டிக்காரரோ சாமானைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், நான் இழுத்துக்கொள்வேன். மாடிப்படி ஏற யாருக்கும் முழங்கால் கிடையாது.

தொண்ணூற்று நாலாம் வருஷம் எனக்கு இருபத்தைந்து வயது, தங்கைக்கு இருபது. அவள் கெமண்டைனில் ஓர் அட்டைப்பெட்டிப் பட்டறைக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். அந்த பஸ்ஸின் ஸ்பேயாவோடு பழக்கம். இங்கே கண்டக்டரை அப்படித்தான் சொல்வோம். பர்மாக்காரன், ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் அம்மா வீடு. இதெல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். படுக்கையில் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, 'அக்கா, உன்கிட்டே மட்டும்தான்' என்றாள். எனக்கு அப்போது ஓர் இடத்தில் பெண் கேட்டிருந்தார்கள். தங்கை ஒரு பர்மாக்கார ஸ்பேயாவோடு போய்விட்டாள் என்று தெரிந்தால் அந்த இடம் என்ன ஆகும் என்ற யோசனையோடுதான் நான் அன்றைக்கு 'உம்' கொட்டினேன்.

அவள் காய்ச்சலில் ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. எட்டிப் பார்த்தால் அவன் கீழே நிற்கிறான். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, டோடோவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். கயிற்றை இழுத்தேன். கிளிப்பில் நாலாக மடித்த சீட்டு. பர்மியத்தில் நாலைந்து வரி. வேலையை விட்டுவிட்டான், தாய்லாந்து எல்லையில் வேலை கிடைத்திருக்கிறது, போவதற்கு முன் அம்மா வீட்டில் வைத்துக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை காலை டாலா படகுத்துறையில் நிற்பேன், நீ வராவிட்டால் உனக்கு இஷ்டமில்லை என்று புரிந்துகொள்வேன்.

தங்கை உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். நான் சீட்டை இரண்டு தரம் படித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய், 'நான் கிளறுகிறேன், நீ போய்ப் படு' என்று அம்மாவை அனுப்பிவிட்டுச் சீட்டை அடுப்பில் போட்டேன். கோபத்தில் செய்தேன், பயத்தில் செய்தேன் என்றெல்லாம் பின்னால் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றும் இல்லை. பால் பொங்கினால் இறக்கி வைக்கிற மாதிரி நிதானமாகத்தான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. திங்கள் அன்று வேலைக்குப் போன தங்கை, பஸ்ஸில் வேறு ஆள் இருப்பதைப் பார்த்தாள். டிப்போவில் கேட்டாளாம், அவன் வேலையை விட்டு எல்லைக்குப் போகிறான் என்று சொன்னார்களாம். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான் என்று என் மடியில் படுத்து அழுதாள். 'போனால் போகிறான், விடு' என்று அவள் தலையைக் கோதினேன். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அதன்பிறகு அவள் பேசவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாள். தலை பின்னமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பத்து நாள் பார்த்த அம்மா, பிள்ளைக்குக் காற்றுச் சேட்டை என்று முடிவுகட்டினாள். அப்பா முதலில் டாக்டர் என்றார், டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார், பிறகு அப்பாவும் அம்மா பக்கம் சாய்ந்தார். ஒரு பூசாரியைக் கூட்டிவந்தார்கள்.

கூடத்து நடுவில் அவளை உட்காரவைத்து, சுற்றி வேப்பிலை பரப்பி, அவர் உடுக்கை அடித்தார். யார் நீ, எங்கிருந்து வந்தாய் என்று வேப்பங்கொத்தால் அடித்துக் கேட்டார். அவள் ரொம்ப நேரம் குனிந்தபடி இருந்தாள். கடைசியில் நிமிர்ந்து ஒரே ஒரு பேச்சுப் பேசினாள்.

"என்னை விடுங்க. நான் டாலாவுக்குப் போகணும்."

பூசாரி உடுக்கையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா? டாலாப் பக்கத்துல ஆத்துல உளுந்து செத்தவ. ஊர் பேரைச் சொல்லிட்டா, இனி லேசு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று வாரத்தில் என் தங்கை சொன்ன ஒரே நிஜத்தை அவர்கள் பேயின் விலாசம் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் அது என்ன டாலா என்று. அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தேன். அப்போது சொல்லியிருந்தால்கூட யாராவது அக்கரைக்குப் போய் அவன் அம்மா வீட்டைத் தேடியிருக்கலாம்.

உச்சந்தலை முடியில் ஒரு கொத்து வேண்டும் என்றார் பூசாரி. ஆட்டாமல் பிடிக்க ஆள் வேண்டும், கூர்மையான கத்தரி வேண்டும். கத்தரி என் தையல் கத்தரி. முடியைப் பிடித்ததும் நான்தான்.

முடியை ஓர் ஆணியில் சுற்றி மரத்தில் அறைந்துவிட்டால் பேய் மரத்தோடு கட்டுப்பட்டுக் கிடக்கும். புளியமரமோ பனையோ இருந்தால் நல்லது என்றார். பசுந்தாங்கில் புளியமரத்துக்கு எங்கே போவது? முனையில் ஒரு தூங்குமூஞ்சி நிற்கிறது என்று அம்மா சொன்னாள். அது யாருக்கும் சொந்தமில்லாத மரம் அல்லவா. உச்சி வெயிலில் எல்லாரும் இறங்கிப் போனோம். நாலு அங்குல ஆணி. அப்பா சுத்தியலால் அடித்தார்.

மூன்றாவது அடிக்கு டோடோ ஓடிவந்தாள். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவள் அன்றைக்குத் தெருவே பார்க்கக் கத்தினாள். "என்ன செய்கிறீர்கள்? ஆள் குடியிருக்கிற வீட்டில் கேட்காமல் ஆணி அடிப்பீர்களா? கிளை வெட்டுவதானால்கூட நாங்கள் முதல் நாளே பழம் வைத்து, வேறு மரத்துக்கு நகர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தானே வெட்டுகிறோம்?" அப்பா கையைக் கட்டிக்கொண்டு, பிள்ளைக்கு வைத்தியம், மன்னிக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு மீதி ஆணியையும் அடித்தார். சாயங்காலம் டோடோ கல்லில் தனக்கா அரைத்துக்கொண்டு வந்து, ஆணியைச் சுற்றிக் காயத்துக்குப் பூசுகிற மாதிரி மரப்பட்டையில் பூசினாள். ஒரு வாரம் தினமும் பூசினாள். பட்டையில் மஞ்சளாக ஒரு வட்டம் ரொம்ப நாள் தெரிந்தது.

மறுநாள் ரொட்டி வாங்க இறங்கியபோது டோடோ என் கையைப் பிடித்தாள். "அந்தப் பையன் கயிற்றை இழுத்ததை நான் பார்த்தேன்" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "ஆணி அடித்ததற்கு உங்கள் வீட்டிலிருந்து யாராவது மரத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ கேள். மனசில் இருப்பதையும் சொல்லு. பர்மியத்தில் சொல்லு, அவருக்குத் தமிழ் தெரியாது."

அந்தப் பௌர்ணமிச் சாயங்காலம் வாழைப்பழமும் ஒரு கொத்துப் பூவும் வாங்கிக்கொண்டு போனேன். இலைகள் மடங்கத் தொடங்கியிருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டு, பர்மியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டை எரித்தது நான். அவளுக்குப் பேய் இல்லை. எனக்குத் தெரியும். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. எழுந்தபோது உடம்பு லேசாகிவிட்டது. அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

நான் கெட்டது அங்கேதான். மரத்திடம் சொல்லிவிட்டால் சொன்னதாக ஆகிவிட்டது என்று எனக்குப் பழகிப்போயிற்று. மாதாமாதம் பௌர்ணமிக்குப் போவேன், அதே பாவத்தை அதே வரிசையில் ஒப்பிப்பேன், மனசு கழுவிவிட்ட மாதிரி இருக்கும், மேலே ஏறி வந்து மிஷினில் உட்காருவேன். மரம் ஏன் என்று கேட்காது, யாரிடமும் போய்ச் சொல்லவும் சொல்லாது. இப்படி ஒரு வசதி வேறெங்கே கிடைக்கும்.

ஆணி அடித்த பிறகு தங்கை மெல்லச் சாப்பிட ஆரம்பித்தாள், தலை பின்னினாள், பேசினாள். வைத்தியம் பலித்துவிட்டது என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அதில் இன்னொன்றும் பலித்தது. தங்கைக்குப் பேய் பிடித்த வீடு என்று தெரிந்ததும் என்னைப் பெண் கேட்டவர்கள் கமுக்கமாக ஒதுங்கிக்கொண்டார்கள். எதைக் காப்பாற்ற அந்தச் சீட்டை எரித்தேனோ அது அந்தச் சீட்டாலேயே போயிற்று. பிறகு எனக்கு ஒன்றும் அமையவில்லை. அதைப் பற்றிப் புலம்ப எனக்கு வாய் கிடையாது.

இரண்டு வருஷம் கழித்துத் தங்கையைத் தாம்வேயில் ஒரு மளிகைக்கடைக் குடும்பத்தில் கொடுத்தோம். எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தார்கள். மாமியார் தாராளமாக, 'அதான் கட்டியாச்சே' என்றார். தாராளம் அதோடு சரி. தங்கை என்றைக்காவது ஒரு நாள் முகத்தைச் சுளித்தால், இந்தச் சேலை வேண்டாம் என்றால், புருஷனோடு இரண்டு வார்த்தை கூடப் பேசினால், அந்தம்மா சொல்வது ஒன்றே ஒன்று. "ஆணி ஆடுது போல இருக்கே."

என் எதிரிலேயே பல தரம் சொல்லியிருக்கிறார். உடனே தங்கை அடங்கிவிடுவாள். கோபப்பட அவளுக்கு உரிமை இல்லாமல் போயிற்று. அவள் எதைச் சொன்னாலும் அதைச் சொல்வது அவள் இல்லை. பிள்ளைகள் இரண்டு பிறந்து, அவை வளர்ந்து, அவையும் பாட்டி சொல்வதைக் கேட்டு 'அம்மாவுக்கு ஆணி ஆடுது' என்று சிரிக்கும். நான் பிஸ்கட் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பௌர்ணமிக்கு மரத்திடம் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

இதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆணியின் தலையைப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி, கடைசியில் ஒரு வடு மட்டும் இருந்தது.

பிறகு நர்கிஸ் புயல் வந்தது. விடிந்து பார்த்தால் ரங்கூனில் நிழல் என்பதே இல்லை. எங்கள் மரம் வேரோடு பிடுங்கிக்கொண்டு சந்தை அடைத்துப் படுத்திருந்தது. டோடோ அந்த வயதில் கிளைகளுக்குள் புகுந்து, உடைந்த பெட்டி வீட்டின் பலகைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, கூரைத் தகரங்கள் தெருவில் கிடந்தன. எனக்கு அதெல்லாம் இரண்டாவதாகத்தான் தோன்றியது. இனி எங்கே போய்ச் சொல்வேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அவ்வளவு சுயநலம்.

நாலாம் நாள் காலை தங்கை தாம்வேயிலிருந்து நடந்தே வந்தாள். கூட மாமியார். எங்களைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் ஓடிப்போய் ஸ்டூல் போட்டேன். அந்தம்மா உட்காரக்கூட இல்லை.

"மரம் சாஞ்சு போச்சாமே சம்பந்தியம்மா. இனி அது சும்மா இருக்குமா? புள்ளைங்க இருக்கிற ஊடு. மறுபடி கட்டிப்புடணும்."

அம்மா தலையை ஆட்டினாள். அவளும் மூன்று நாளாக அந்தக் கவலையில்தான் இருந்திருக்கிறாள். பழைய பூசாரி இல்லை, அவர் மகன் இருக்கிறார், சொல்லி அனுப்பலாம் என்றாள். எந்த மரத்தில் அடிப்பது என்று இருவரும் யோசித்தார்கள். நிற்கிற மரமாக ஒன்று வேண்டுமே. ஓடைப் பக்கம் ஒரு மொட்டைப் பனை தப்பித்திருக்கிறது என்று அம்மா சொன்னாள். முடியை இப்போதே வெட்டிக் கையில் கொடுத்தனுப்பலாம் என்றார் அந்தம்மா.

"கத்தரியை எடுத்தாடி" என்றாள் அம்மா என்னிடம்.

எடுத்தேன். திரும்பினால், தங்கை கூடத்து நடுவில், அதே இடத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. முப்பத்து நாலு வயதுக்காரி, இரண்டு பிள்ளை பெற்றவள், தானாகவே பின்னலை அவிழ்த்து முதுகில் பரப்பிக்கொண்டு, தலையைக் குனிந்து கொடுத்தாள். நெற்றிக்கு மேல் நரை ஓடியிருந்தது.

கத்தரி என் கையிலிருந்து விழுந்தது. "வேண்டாம்" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. சீட்டு வந்தது, எரித்தது, டாலா என்றால் என்ன, எல்லாவற்றையும் சொன்னேன். பதினாலு வருஷமாகப் பர்மியத்தில் சொல்லிச் சொல்லி, தமிழில் சொல்ல வார்த்தை வராமல் தடுமாறினேன். பாதி பர்மியம், பாதி தமிழ். "அவளுக்குப் பேய் பிடிக்கவே இல்லைம்மா. நான்தான் பாவி. நான்தான் செஞ்சேன்."

அம்மா என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, கட்டு விட்டதும் மூத்தவளைப் பிடிச்சிருச்சே! பாருங்க, பர்மாப் பேச்சு பேசுது, டாலாங்குது!"

அந்தம்மா சாமி மாடத்திலிருந்து திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார். "நிஜம்மா, நான் சொல்றது நிஜம்" என்று கத்தினேன். எவ்வளவு கத்தினேனோ அவ்வளவுக்கு அவர்கள் முகத்தில் பயம் ஏறியது. என் வாயிலிருந்து வருவது எதுவும் என் பேச்சு இல்லை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அந்த நிமிஷம்தான் எனக்கு அவளுடைய பதினாலு வருஷம் புரிந்தது.

தங்கை எழுந்தாள். மாமியாரின் கையைப் பிடித்துக் கிண்ணத்தை வாங்கி மிஷின் மேல் வைத்தாள்.

"அவளுக்குப் பேயும் இல்லே, ஒண்ணும் இல்லே. அக்கா சொல்றது நிஜம். எனக்குத் தெரியும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாமியார்.

"தெரியும். எனக்கும் எந்தக் காலத்திலயும் பேய் இல்லே. இனிமே என் ஊட்டுல ஆணிப் பேச்சு எடுக்காதீங்க."

அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்காக அதைச் சொல்லத் தங்கைக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

நானும் அவளும் படியிறங்கிக் கீழே வந்தோம். பேட்டை ஆட்கள் அடிமரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஆணி இருக்கிற இடத்தை டோடோ காட்டிக் கொடுத்து, ரம்பப் பல் போகாமல் அந்தத் துண்டைத் தனியாக எடுக்க வைத்திருந்தாள். வாசலில் அது கிடந்தது. தங்கை குனிந்து வடுவைத் தடவிப் பார்த்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"டோடோ சொல்லிச்சு. நீ மரத்துக்கிட்டே சொன்னது பூரா அது ஜன்னலுக்கு நேராத்தானே."

"எப்போ சொன்னாங்க?"

"எனக்குக் கல்யாணத்துக்கு ஒரு மாசம் முந்தி."

"ஏண்டி என்னைக் கேக்கலே? வீட்டுல சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா யாரு நம்புவா? பேய் சொல்லுதும்பாங்க. நீ சொன்னாத்தான் நிக்கும்." மரத்துண்டில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டாள். "இன்னிக்கு சொல்லுவே, நாளைக்கு சொல்லுவேன்னு பார்த்தேன் அக்கா. தாலி கட்டுற அன்னிக்குக் காலையில வரைக்கும் பார்த்தேன். நீ என் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வச்சுக்கிட்டிருந்தே."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். சொல்லிவிட்டு அவள் மாமியாரைக் கூப்பிட மேலே போனாள்.

ஊக்கு வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரவிக்கை முதுகில் ஒரு கொக்கி விட்டுப்போயிருந்தது, அதற்கு இரண்டு ஊக்கு. நேராக நில்லடி என்று அதட்டினேன். அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காதே, ஊக்குக் குத்திவிடும் என்று சொல்லி, அவள் முகத்தைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.